எங்கள் ஒழுங்கைகளும் நாட்டின் திறைசேரியும்

(யாழ்ப்பாணத்தில் உத்தியோகத்தரும் கமக்காரரும் கூடியிருந்த கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் நிகழ்த்திய உரை)



யாழ்ப்பாண மாநகர சபை தன் எல்லைக்குட்பட்ட உள்வீதிகளையும் ஒழுங்கைகளையும் திருத்துவதற்கு மத்திய அரசாங்கத்திடம் பணம் கேட்கலாமா? கேட்பதானால் எந்த முறையிற் கேட்க வேண்டும்? இவ்விரண்டு வினாக்களுக்கும் விடை கூறுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். உரிமைப் போராட்டத்தைப் பற்றிப் பேச வேண்டிய மேடையிலே குண்டுங் குழியுமான ஒழுங்கையைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் எண்ணக்கூடும். ஓர் இனத்தின் ஆட்சியுரிமை என்பது ஏட்டிலே எழுதிய சொல்லாக நின்றுவிடுமாயின் அதனால் எவருக்கும் பயனில்லை. அவ்வுரிமை மெய்யாகவே நம்மிடம் இருக்கிறதா என்பதைச் சோதித்துப் பார்க்க விரும்புவோர் மாரி மழை பெய்து ஓய்ந்த மறுநாள் தம் வீட்டுப் படலையைத் திறந்து ஒழுங்கையில் இறங்கிப் பார்த்தாற் போதும்.

முதலில், எந்த வீதி யாருக்குரியது என்பதை விளங்கிக்கொள்ள வேண்டும். இந்நாட்டில் வீதிகளுக்கு மூன்று எசமானர்கள் உளர். ஏ, பி எனும் வகுப்புகளைச் சேர்ந்த, ஏறக்குறைய 12,000 கிலோமீற்றர் நீளமான பெருவீதிகள் மத்திய அரசாங்கத்தின் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பில் உள்ளன. சீ, டீ வகுப்பு வீதிகள் மாகாணத்துக்குரியவை. எஞ்சிய வீதிகளும் ஒழுங்கைகளும் மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை ஆகிய உள்ளூராட்சி மன்றங்களின் தலையில் விழுகின்றன. ஆகவே, கண்டி வீதியிலே பள்ளம் விழுந்தால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் ஒருவர். அந்த வீதியிலிருந்து உங்கள் வீட்டுக்குத் திரும்பும் ஒழுங்கையிலே பள்ளம் விழுந்தால் பதில் சொல்ல வேண்டியவர் வேறொருவர். முன்னவரிடம் திறைசேரியின் திறவுகோல் உண்டு. பின்னவரிடம் இருப்பது சோலைவரிப் பற்றுச்சீட்டுப் புத்தகம் மாத்திரமே.

போர் முடிந்த 2009 ஆம் ஆண்டின் பின்னர் ஏ9 வீதி புதுப்பிக்கப்பட்டது. வேறு பெருவீதிகளும் காப்பெற் வீதிகளாயின. 2011 ஆம் ஆண்டில் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டது. இவற்றை நாம் குறைத்துப் பேச வேண்டியதில்லை. இவற்றால் நன்மை விளைந்தது. ஆனால், தோட்டத்திலே வெங்காயம் கிண்டும் கமக்காரனுடைய பயணம் ஏ9 வீதியில் ஆரம்பிப்பதில்லை. அது செம்மண் தோட்டத்தின் வரம்பிலே ஆரம்பிக்கிறது. அங்கிருந்து ஒழுங்கைக்கு வந்து, ஒழுங்கையிலிருந்து சபை வீதிக்கு ஏறி, அதன் பின்னரே அவன் பெருவீதியைக் காண்கிறான். சுன்னாகம் சந்தைக்கோ திருநெல்வேலிச் சந்தைக்கோ விடியுமுன் மரக்கறியைச் சேர்க்க வேண்டியவனுக்கு, முதல் அரை மைல்தான் பெரும்பாடு. அந்த அரை மைலில் நசிந்த தக்காளிக்குக் கொழும்பு வரை நீண்ட காப்பெற் வீதி என்ன பரிகாரம் செய்யும்?

அன்பர்களே! வீதிக்காக மக்கள் கொடுத்த விலை இன்று நேற்று ஆரம்பித்ததன்று. 1848 ஆம் ஆண்டில், தோரிங்டன் தேசாதிபதியின் காலத்தில், வயதுவந்த ஆண்கள் ஆண்டுதோறும் 6 நாட்கள் வீதி வேலை செய்ய வேண்டும், அல்லது அதற்கீடாகப் பணம் கட்ட வேண்டும் என்று சட்டஞ் செய்தார்கள். அந்த ஆண்டில் மாத்தளையிலே மூண்ட கிளர்ச்சிக்குரிய காரணங்களில் அவ்வரியும் ஒன்று. தோட்டத்துரைமாரின் கோப்பி இறங்குவதற்கு வீதி வேண்டியிருந்தது; அதற்குக் குடியானவனின் உடலுழைப்பு வரியாயிற்று. வெள்ளையன் போய்விட்டான். ஆயினும், எவர் உழைப்பில் எந்த வீதி போடப்படுகிறது என்ற கேள்வி போகவில்லை. இன்று ஒவ்வொரு கமக்காரனும் நீர் இறைக்கும் இயந்திரத்துக்கு ஊற்றும் எண்ணெயிலே வரி கட்டுகிறான். லான்ட்மாஸ்ரருக்கு வாங்கும் உதிரிப்பாகத்திலே வரி கட்டுகிறான். கடையில் வாங்கும் சவர்க்காரத்திலே வரி கட்டுகிறான். அவ்வரி திறைசேரிக்குப் போகிறது. ஆகவே, திறைசேரியிலிருப்பது வேற்றாருடைய பணம் என்றும், அதிலிருந்து கேட்பது இரத்தல் என்றும் எண்ணுவது அறியாமை. நாம் போட்ட பணத்திலே நமக்குரிய பங்கைக் கேட்கிறோம்.

இனி, சட்டத்தின் நிலையைப் பார்ப்போம். 1957 ஆம் ஆண்டு யூலை 26 ஆம் நாள் கைச்சாத்தான பண்டாரநாயக்கா - செல்வநாயகம் ஒப்பந்தத்தைப் பலரும் மொழியையும் குடியேற்றத்தையும் பற்றிய உடன்பாடாக மாத்திரமே நினைவில் வைத்திருக்கிறார்கள். பிராந்திய சபைகளுக்கு ஒப்படைக்கப்படவிருந்த விடயங்களுள் வீதிகளும் இருந்தன. அச்சபைகளுக்கு மத்திய அரசாங்கம் மொத்தக் கொடையாகப் பணம் வழங்கும் என்றும், அச்சபைகளுக்கு வரி விதிக்கவும் கடன் பெறவும் அதிகாரம் இருக்கும் என்றும் அதிலே கூறப்பட்டது. 1958 ஆம் ஆண்டு ஏப்ரில் 9 ஆம் நாள் ஒப்பந்தம் கிழித்தெறியப்பட்டது. அன்று இழந்தவற்றுள் நம் ஒழுங்கைகளுக்கு வர வேண்டிய கல்லும் தாரும் அடங்கும் என்பதை மறந்துவிடலாகாது.

முப்பது ஆண்டு கழிந்து, 1987 ஆம் ஆண்டில் அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தம் வந்தது. தேசிய பெருவீதிகள் நீங்கலாக, மாகாணத்துக்குள் உள்ள வீதிகளும் பாலங்களும் மாகாணத்துக்குரிய விடயமாயின. உள்ளூராட்சியும் மாகாணத்தின் கீழ் வந்தது. நிதிக்கென ஓர் ஆணைக்குழுவும் அமைக்கப்பட்டது. அந்த உறுப்புரையை நான் பலமுறை படித்திருக்கிறேன். நிதி ஆணைக்குழுவின் விதப்புரையின் பேரிலும் அதனுடன் கலந்தாலோசித்தும், மாகாணங்களின் தேவைகளை நிறைவேற்றுவதற்குப் போதுமான தொகையை ஆண்டு வரவு செலவுத் திட்டத்திலிருந்து அரசாங்கம் ஒதுக்க வேண்டும் என்பது அதன் கருத்து. சனத்தொகை, ஆள்வீத வருமானம், சமூக பொருளாதார ஏற்றத்தாழ்வுகளைப் படிப்படியாகக் குறைக்க வேண்டிய தேவை ஆகியவற்றை நோக்கியே பங்கீடு செய்ய வேண்டும் என்றும் அங்கு சொல்லப்பட்டிருக்கிறது.

‘போதுமான’ என்பது வலுவான சொல். கொடுப்பவர் மனம்போல என்று சட்டம் சொல்லவில்லை. ஆளுங்கட்சிக்கு வாக்களித்த ஊருக்கு என்றும் சொல்லவில்லை. போரினால் நலிந்த மாகாணம், ஆள்வீத வருமானத்திலே பின்தங்கிய மாகாணம், முன்னேறிய மாகாணத்தை எட்டிப்பிடிக்கும் வகையிலே பணம் பெற வேண்டும் என்பதே அதன் நோக்கம். யாழ்ப்பாண மாநகர சபை தன் கோரிக்கையை அந்த ஒரு சொல்லின் மீது நிறுத்த வேண்டும்.

ஆனால் நடைமுறையிலே நிகழ்ந்தது என்ன? மாகாணங்கள் தாமே அறவிட்டுவந்த மொத்த விற்பனவு வரி 2011 ஆம் ஆண்டுடன் நீக்கப்பட்டது. அதற்கீடாகத் தேசத்தைக் கட்டியெழுப்பும் வரியின் வருமானத்தில் மூன்றிலொரு பங்கு தருவதாகக் கூறினார்கள். 2019 ஆம் ஆண்டு டிசம்பர் முதலாந் திகதி அந்த வரியே ஒழிக்கப்பட்டது. சொந்தக் கிணற்றைத் தூர்த்துவிட்டு அயலான் கிணற்றிலே பங்கு தந்தார்கள். பிறகு அந்தக் கிணற்றையும் மூடினார்கள். மத்தியிலிருந்து வரும் தொகுதிக் கொடையிலே பெரும்பகுதி சம்பளத்துக்கே போய்விடுகிறது. இவ்வாறிருக்க, ‘உங்கள் வீதியை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்வது எந்த நியாயம்?

இதற்கெதிராக இரண்டு ஆட்சேபங்கள் சொல்லப்படுகின்றன. இரண்டையும் நேர்மையோடு ஆராய வேண்டும்.

முதலாவது ஆட்சேபம்: ‘நகரவாசிகள் சோலைவரியை ஒழுங்காகக் கட்டினால் கொழும்பிடம் கையேந்த வேண்டியதில்லை’ என்பது. இதிலே ஓரளவு உண்மை உண்டு. அதற்குப் பின்னர் வருகிறேன். ஆனால் முழு உண்மையன்று. மாநகர சபையின் பரப்பு ஏறக்குறைய 20 சதுர கிலோமீற்றர். 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி அங்கு வாழ்ந்தோர் 88,000 அளவினர். ஆனால் அந்த வீதிகளிலே ஓடுவது 88,000 பேரின் வண்டிகள் மாத்திரமா? போதனா வைத்தியசாலை அங்கே; நீதிமன்றங்கள் அங்கே; கச்சேரி அங்கே; பெரிய கல்லூரிகள் அங்கே; மத்திய பஸ் நிலையம் அங்கே. பருத்தித்துறையிலிருந்து நோயாளி வருகிறார். ஊர்காவற்றுறையிலிருந்து வழக்காளி வருகிறார். கிளிநொச்சியிலிருந்து மாணவன் வருகிறான். வரவேண்டியதுதான், நகரம் என்பது அதற்காகவே இருக்கிறது. ஆனால் வீதியைத் தேய்ப்பவர் மாகாணத்தார் அனைவருமாக இருக்க, அதைத் திருத்தும் செலவு ஒரு வண்ணார்பண்ணை விதவையின் வீட்டு வரியிலிருந்து மட்டும் வர வேண்டும் என்பது கணக்குக்கும் பொருந்தாது, தர்மத்துக்கும் பொருந்தாது.

இன்னுமொன்று. 1949 ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி மாநகர சபையாக உயர்ந்த இந்நகரம், அதன்பின் இயல்பாக வளர்வதற்கு விடப்பட்டதா? 1995 ஆம் ஆண்டு ஒக்ரோபரிலே நகரம் முழுவதும் வெறிச்சோடியது. 1998 ஆம் ஆண்டு நடந்த சபைத் தேர்தலுக்குப் பின் அடுத்த தேர்தல் 2009 ஆம் ஆண்டிலேதான் நடந்தது. வீடிழந்தவன் வரி கட்டவில்லை. தேர்ந்தெடுத்த சபையில்லாத இடத்தில் வீதியைப் பராமரிப்பாரில்லை. தெற்கிலே ஆண்டுதோறும் சிறிது சிறிதாகத் திருத்தப்பட்ட வீதிகளோடு, ஒரு தலைமுறையாகக் கைவிடப்பட்ட வீதிகளை ஒரே தராசில் வைத்து நிறுப்பது நீதியாகாது.

இரண்டாவது ஆட்சேபம் நம்மவரிடமிருந்தே வருகிறது. ‘மத்திய அரசாங்கத்திடம் வீதிக்குப் பணம் கேட்டால், வீதி நம் அதிகாரம் என்ற நிலைப்பாட்டை நாமே விட்டுக்கொடுத்தவர்களாவோம், சலுகைக்கு உரிமையை விற்றவர்களாவோம்’ என்கிறார்கள். இவர்களுடைய அச்சத்தை நான் மதிக்கிறேன். ஆனால் பணத்தைப் பெறுவதிலே ஆபத்து இல்லை. பணம் வருகின்ற வழியிலேதான் ஆபத்து உண்டு. சட்டப்படி ஆணைக்குழுவின் வழியே மாகாணத்துக்கும், மாகாணத்திலிருந்து சபைக்கும் வந்து, சபை கூடித் தீர்மானித்துச் செலவிடும் பணம் அதிகாரத்தை வளர்க்கும். அமைச்சர் ஒருவரின் கடிதத்தோடு, திணைக்களமொன்றின் வழியே சபைக்குத் தெரியாமலே வந்து, எந்த ஒழுங்கைக்குத் தார் போடுவது என்பதை வேட்பாளர் ஒருவர் தீர்மானிக்கும் பணம் அதிகாரத்தை அரித்துவிடும். 1974 ஆம் ஆண்டிலே பன்முகப்படுத்தப்பட்ட வரவு செலவுத் திட்டம் வந்த காலந்தொட்டு, வீதி என்பது வாக்குக்கு விலையாகக் கொடுக்கப்படும் பண்டமாக மாறியதை நாடு முழுவதும் கண்டது. சிங்களக் கிராமத்தவனும் இதனாலே துன்புற்றான். அரைவாசித் தூரம் தார் போட்டு, மறு அரைவாசியை அடுத்த தேர்தலுக்கு வைத்துக்கொள்ளும் தந்திரம் எம்மொழி பேசுவோர்க்கும் புதிதன்று.

இந்த ஆபத்து இப்பொழுது முன்னரிலும் பெரிது. வட மாகாண சபைக்கு முதற்றேர்தல் 2013 ஆம் ஆண்டு செப்ரெம்பரில் நடந்தது. அதன் காலம் 2018 ஆம் ஆண்டு ஒக்ரோபரில் முடிந்தது. 2025 ஆம் ஆண்டு முடியும்வரை அடுத்த தேர்தல் நடைபெறவில்லை. ஆகவே, மாகாணத்தின் பேரிலே மத்தியிடம் பேச வேண்டியவர் மத்தியினால் நியமிக்கப்பட்ட ஆளுநராகவே இருந்துவந்திருக்கிறார். கேட்பவரின் சார்பிலே பேசுபவரும் கொடுப்பவரின் ஆளாக இருந்தால், அந்தப் பேச்சில் எவ்வளவு வலு இருக்கும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். உள்ளூராட்சித் தேர்தலையும் 2023 ஆம் ஆண்டு மார்ச்சில் பணமில்லை என்று நிறுத்திவைத்தார்கள். 2024 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 22 ஆம் நாள் உயர் நீதிமன்றம், தேர்தலை நடத்தாமை மக்களின் அடிப்படை உரிமையை மீறியதாகும் எனத் தீர்ப்பளித்தது. 2025 ஆம் ஆண்டு மே 6 ஆம் நாள் தேர்தல் நடந்தது. மக்கள் தெரிந்த சபைகள் மீண்டும் அமைந்தன. அச்சபைகளே இந்தக் கோரிக்கையை எழுப்பும் தகுதி உடையவை.

2025 ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் வட மாகாணத்தின் கிராமிய வீதிகளுக்கும் பாலங்களுக்குமென 500 கோடி ரூபா அறிவிக்கப்பட்டது. வரவேற்க வேண்டியது. ஆனால் வட மாகாணத்தில் 5 மாவட்டங்கள் உள்ளன. 34 உள்ளூராட்சி மன்றங்கள் உள்ளன. யாழ்ப்பாண மாவட்டத்தில் மாத்திரம் 17 மன்றங்கள். ஒரே ஆண்டின் அறிவிப்பு ஒரு தலைமுறையின் குறையைத் தீர்க்காது. அந்த ஆண்டின் நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாடெங்கும் வீதிகளையும் பாலங்களையும் சிதைத்துச் சென்றது. மலைநாட்டு மக்களின் இழப்பு நம் இழப்பிலும் பெரிது. அவர்களுக்கு முதலிடம் கொடுப்பதை நாம் எதிர்க்கக்கூடாது. ஆயினும் பேரிடரைக் காரணங்காட்டி, சட்டம் வகுத்த பங்கீட்டு முறையைக் கைவிட எவரும் முற்பட்டால் அதை எதிர்த்தே ஆக வேண்டும்.

ஆகவே, சபை கேட்க வேண்டியவற்றை நான்காக வகுத்துச் சொல்கிறேன்.

முதலாவது, வீதிப் பதிவேடு. எந்த ஒழுங்கை, எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம், யாருக்குரியது, கடைசியாக எப்பொழுது திருத்தப்பட்டது என்ற கணக்கு இல்லாமற் கேட்பவன் அழுபவனாவான். கணக்கோடு கேட்பவன் வழக்காளியாவான். சான்றில்லாத வழக்கு எத்துணை நியாயமானதாயினும் மன்றிலே தோற்றுப்போகும்.

இரண்டாவது, வாய்க்கால் முன்னே, தார் பின்னே. நம் குடாநாட்டில் வற்றாத ஆறில்லை, நிலமோ தட்டையானது. மழைநீர் வாய்க்கால் வழியே குளத்துக்குச் சென்று, அங்கிருந்து நிலத்துள் இறங்கியே கிணறுகள் ஊறுகின்றன. வாய்க்காலை அடைத்துவிட்டுத் தார் போட்டால், தேங்கிய நீர் தாரின் கீழ் இறங்கிக் கிறவலை இளக்கும். அடுத்த பாரவண்டி ஏறியதும் குழி விழும். பழைய தாரைக் கிண்டாமல் அதன்மேலே மறுபடி மறுபடி போட்டால் வீதி உயர்ந்து, வீட்டு வளவு குளமாகும். 2008 ஆம் ஆண்டு நவம்பர் வெள்ளமும் 2024 ஆம் ஆண்டு நவம்பர் வெள்ளமும் இதனை நமக்குக் கற்பித்தன. மதகும் வாய்க்காலும் சேராத மதிப்பீட்டைச் சபை ஏற்கலாகாது.

மூன்றாவது, பணம் சபையின் கையால் செலவாக வேண்டும். 2010 ஆம் ஆண்டில் உலக வங்கியின் துணையோடு வடக்கு கிழக்கில் ஆரம்பித்த நெல்சிப் திட்டத்திலே, பிரதேச சபைகளே ஊராருடன் கலந்து வேலைகளைத் தெரிந்து நிறைவேற்றின. சபைகளால் இயலாது என்று சொல்வோருக்கு அதுவே விடை. வேலை நடக்கும் இடத்திலே தொகை, நீளம், தாரின் தடிப்பு, ஒப்பந்தகாரர் பெயர், முடிவுத் திகதி ஆகியன தமிழிலே எழுதிய பலகை நிற்க வேண்டும். ஊரார் அளந்து பார்க்கட்டும்.

நான்காவது, பராமரிப்புப் பணம். புதிய வீதி திறக்கப் பலர் வருவர். பழைய வீதியில் விழுந்த சிறுகுழியை மூட எவரும் வருவதில்லை. சிறுகுழியை உரிய காலத்தில் மூடாதவன் பின்னர் முழு வீதியையும் கிளற வேண்டியவனாவான். ஆண்டுதோறும் பராமரிப்புக்கென ஒரு தொகை நிரந்தரமாக ஒதுக்கப்பட வேண்டும்.

இனி நம்முடைய கடமை. இதைச் சொல்லாமல் இறங்குவேனாயின் உங்களை ஏமாற்றியவனாவேன். நம் ஊர் நீதிமன்றங்களிலே காலங்காலமாக எத்தனை வேலி வழக்குகள்! அரை முழ நிலத்துக்காக அண்ணனும் தம்பியும் முகம் பாராதிருக்கும் குடும்பங்கள் எத்தனை! ஓலை வேலியாய் இருந்த காலத்தில் ஆண்டுதோறும் அரை அடி நகர்ந்தது. மதிலாக மாறியபோது அந்தத் திருட்டு நிரந்தரமாயிற்று. பழைய உறுதியில் ‘தெற்கு எல்லை ஒழுங்கை’ என்றிருக்கும். இன்று அந்த ஒழுங்கையில் நோயாளர் வண்டி நுழைய முடியாது. பல ஒழுங்கைகள் ‘வழி வாய்க்கால் உரித்து’ எனத் தனியாருக்குரியனவாகவே உறுதிகளில் நிற்கின்றன. அவற்றைச் சபைக்குப் பாரங்கொடுக்காமல், பொதுப் பணத்தால் தார் போடு என்று கேட்டால் சபை என்ன செய்யும்? ஒழுங்கையாட்கள் கூடி நன்கொடை உறுதி எழுதிக் கொடுங்கள். இதற்குக் கூலி வாங்காமல் எழுதிக் கொடுக்க என் தொழில் நண்பர்கள் முன்வர வேண்டுமென இம்மேடையிலே கேட்டுக்கொள்கிறேன், நான் முன்வருகிறேன்.

சோலைவரியையும் கட்டுங்கள். கல்வீடு கட்டி மாடியெழுப்பியவர், பழைய ஓட்டுவீட்டு மதிப்பிலே வரி கட்டிக்கொண்டு, ‘சபை ஒன்றும் செய்யவில்லை’ என்று திண்ணையிலிருந்து பேசுவது அழகன்று. நாம் நம் பங்கைச் செலுத்தியிருந்தால் மாத்திரமே திறைசேரியின் முன்னே நிமிர்ந்து நின்று, ‘எங்கள் பங்கு இதோ, உங்கள் பங்கு எங்கே?’ என்று கேட்க முடியும்.

கமக்கார அன்பர்களே, இது நகரத்தாரின் காரியம், நமக்கென்ன என்று இருந்துவிடாதீர்கள். மாநகர சபை கணக்கோடும் சட்டத்தோடும் வென்று காட்டும் வழியிலேயே நாளை வலிகாமத்துச் சபைகளும் தென்மராட்சிச் சபைகளும் தீவகச் சபைகளும் செல்லும். உத்தியோகத்தர்களே, உங்கள் கல்வி இந்தப் பதிவேட்டை எழுதுவதற்குப் பயன்படட்டும். ஓய்வுபெற்ற நில அளவையாளரும் பொறியியலாளரும் கணக்காளரும் ஒவ்வொரு வட்டாரத்திலும் இருக்கிறீர்கள். வாரத்தில் ஒரு மாலைப்பொழுதை ஊருக்குக் கொடுங்கள்.

மாகாண சபைத் தேர்தலை நடத்து என்று கேட்பதும், ஒழுங்கைக்கு மதகு கட்டு என்று கேட்பதும் ஒரே கோரிக்கையின் இரு பகுதிகள். முன்னதை மட்டும் கேட்பவனை மக்கள் மறப்பர். பின்னதை மட்டும் கேட்பவனை அமைச்சர்கள் விலைக்கு வாங்குவர். இரண்டையும் ஒன்றாகக் கேட்போம். வரும் மாரிக்கு முன் ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒழுங்கைகள் அளக்கப்பட்டு, பதிவேடு சபையின் மேசைக்கு வந்துசேர வேண்டும். அந்த வேலைக்கு முன்வருவோர் கூட்டம் முடிந்ததும் தத்தம் பெயரையும் வட்டாரத்தையும் எழுதிக் கொடுத்துச் செல்லுமாறு பணிவோடு கேட்டு என் உரையை முடிக்கிறேன்.